சத்தம் ஓரிடம், குற்றம் ஓரிடம்

அறியாமற் செய்த பிழைக்கு மன்னிப்பு உண்டு என்பது உலக வழக்கு. நெருப்பென்று அறியாத குழந்தை அதைத் தொட்டுவிட்டால் நாம் குழந்தையைக் கடிந்துகொள்வதில்லை. அதன் கைக்கெட்டும் தூரத்தில் நெருப்பை வைத்தவரையே கடிந்துகொள்கிறோம். இவ்வழக்கு நியாயமானதே. ஆனால், அறிந்துகொள்ள வழியிருந்தும் அறியாமலே இருந்துவிட்டு, பின்னர் “எனக்குத் தெரியாது” என்று கையை விரிப்பவனுக்கும் அதே மன்னிப்பு உண்டோ? பிறர் உயிரைத் தாங்கி நிற்கும் ஒரு பொருளைத் “தகுந்தது” என்று எழுதிக் கையொப்பமிடுபவன், அதைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கக் கடமைப்பட்டவன்? இக்கேள்வியை நாம் பெரிய தத்துவ நூல்களிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. நாம் கணக்கெழுதும் தோட்டத்தில், ஒரு பழைய லோரியின் முன்னச்சுக்கு அடியில், எண்ணெய்க் கறை படிந்த சிமெந்துத் தரையில் குனிந்து பார்த்த அன்று இது நம் முன் வந்து நின்றது.

அந்த லோரி பெட்போர்டு என்னும் பெயருடையது. இங்கிலாந்தின் லூட்டன் நகரத்து வாக்ஸ்ஹால் நிறுவனத்தார் 1931-ஆம் ஆண்டு முதல் அப்பெயரில் லோரிகள் செய்து பல தேசங்களுக்கும் அனுப்பினர். நம்முடையது 1960-களிற் செய்யப்பட்டது. பொதுச் சாலைக்கு அது இப்போது வருவதில்லை. தோட்டத்துக்குள்ளேயே செம்மண் பாதையில் செம்பனைக் குலைகளையும், உர மூட்டைகளையும், சில வேளைகளில் ஆட்களையும் ஏற்றிச் செல்வதே அதன் தொழில். இங்கே சொல்லப்போகும் குற்றத்தில் அதைச் செய்தவர்களுக்குப் பங்கில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பங்கு யாருடையது என்பது போகப் போக விளங்கும்.

வலப்புறம் திரும்பும்போது முன்பக்கத்தில் ‘டக்’ என்றொரு சத்தம் கேட்கிறதென்றும், அதே வேளையில் ஸ்டீரிங் ஒரு கணம் இறுகிப் பிடிக்கிறதென்றும் டிரைவர் ஒரு நாள் ஆபீசுக்கு வந்து சொன்னார். அவர் நம்மினும் இருபது வயது மூத்தவர். எழுதப் படிக்க அதிகம் அறியாதவர். அந்த வண்டியை மட்டும் நன்கு அறிந்தவர்.

விஷயம் தெளிவாகும்பொருட்டு, பழைய லோரியின் முன்பாகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்வது அவசியம். முன்சக்கரங்கள் இரண்டையும் உத்திரம் போன்ற ஒரே இரும்பு அச்சு இணைத்து நிற்கும். அதன் மேல் வலமும் இடமுமாக இரண்டு ஸ்பிரிங்குகள். ஒவ்வொரு ஸ்பிரிங்கும், நீளத்திற் குறைந்துகொண்டே போகும் பல எஃகுப் பட்டைகளை அடுக்கி, நடுவில் ஓர் ஆணியிட்டு, யூ வடிவப் போல்ட்டுகளால் அச்சோடு இறுக்கியது. வண்டியின் நீண்ட இரும்புச் சட்டம் இந்த ஸ்பிரிங்குகளின் மேல் அமர்ந்திருக்கும். டிரைவர் ஸ்டீரிங்கைத் திருப்பினால், சட்டத்தோடு பொருத்திய ஸ்டீரிங் பெட்டியிலிருந்து தொங்கும் கை முன்னும் பின்னும் அசையும். அந்தக் கையிலிருந்து ஒரு நீண்ட தண்டு சென்று சக்கரத்தைத் தள்ளும் அல்லது இழுக்கும். பட்டறைகளில் அத்தண்டை டிராக் லிங்க் என்பார்கள். பெட்டி சட்டத்தோடு நிற்பது. சக்கரமோ அச்சோடு ஏறி இறங்குவது. ஆகவே தண்டின் ஒரு முனை சட்டத்தைச் சேர்ந்தது. மறுமுனை பாதையின் மேடு பள்ளங்களைச் சேர்ந்தது. சக்கரம் மேலேறும்போது தண்டு சட்டத்தில் முட்டாதிருக்கும்படி, நடுவே வேண்டிய வெற்றிடத்தை விட்டுத்தான் வண்டி அமைக்கப்பட்டிருக்கிறது.

இந்த இடைவெளியை ஆட்டத்தோடு குழப்பலாகாது. தேய்ந்துபோன மூட்டில் உண்டாகும் தளர்ச்சி ஆட்டம், அது கேடு. அசைய வேண்டிய உறுப்பு அசைவதற்கென்று விடப்பட்ட இடம் இடைவெளி, அது வாழ்வு. ஆட்டம் மிகுந்தால் ஸ்டீரிங் சொன்னபடி கேளாது. இடைவெளி குறைந்தால் ஸ்டீரிங் திரும்பவே மறுக்கும்.

நிற்க. டிரைவர் சொன்னதைக் கேட்டுத் தோட்டத்துப் பட்டறையில் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். தண்டின் மேற்புறத்தில் ஓரிடம் வெள்ளிபோல் மின்னியது. அதற்கு நேராகச் சட்டத்தின் அடியிலிருந்த ஒரு தாங்கியின் விளிம்பும் மின்னியது. இரண்டும் முட்டிக்கொள்கின்றன என்பதில் ஐயமில்லை. முட்டுகிற இடத்தைத் தேய்த்துவிட்டால் முட்டாது என்று முடிவு செய்தார்கள். தேய்ப்புக் கல் சுழன்றது, தாங்கியின் விளிம்பும் தண்டின் மேற்பரப்பும் கொஞ்சம் குறைந்தன, சத்தம் நின்றது. வண்டிப் புத்தகத்தில், “சிறு சத்தம், சரிசெய்யப்பட்டது, ஓடத் தகுந்தது” என்று ஆங்கிலத்தில் எழுதி நாம் கையொப்பமிட்டோம். அன்று மாலை டிரைவர் மறுபடியும் வந்தார். “ஐயா, சத்தந்தான் போச்சு. வண்டி இன்னும் வலப்பக்கம் சாஞ்சுதான் நிக்குது” என்றார். பார்க்கச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினோம். அதை நாம் புத்தகத்தில் எழுதவில்லை.

சில மாதங்களில் சத்தம் திரும்பி வந்தது. இம்முறை வேறொரு யோசனை பிறந்தது. முன்பக்கத்தையே உயர்த்திவிட்டால் தண்டு எப்படி முட்டும் என்று, இரு பக்கத்து ஸ்பிரிங்குகளிலும் ஒவ்வொரு கனத்த பட்டையை மிகுதியாகச் சேர்த்தார்கள். வண்டி நிமிர்ந்து நின்றது, பார்வைக்கும் நன்றாயிருந்தது. ஆனால் இடப்பக்கம் அளவுக்கு மேல் உயர, வலப்பக்கம் அதனினும் தாழ்ந்தே இருந்தது. சாய்வு சாய்வாகவே நின்றது. அன்றியும் ஒரு புதுத் தொல்லை சேர்ந்தது. தண்டு ஏறக்குறையச் சமமாகக் கிடக்கும்போது, சக்கரம் ஏறி இறங்கும் வளைவும் தண்டின் முனை சுழலும் வளைவும் பெரும்பாலும் ஒத்துப்போகும். சட்டத்தை உயர்த்தினால் தண்டு செங்குத்தாகச் சாய்கிறது. இரண்டு வளைவுகளும் பிரிகின்றன. அப்போது ஒவ்வொரு மேடும் பள்ளமும், யாரோ ஒருவர் ஸ்டீரிங்கைப் பிடித்து இழுப்பதுபோல் சக்கரத்தைத் திருப்பிவிடுகிறது. டிரைவரின் இரு தோள்களும் அந்தப் பட்டைகளின் விலையைக் கொடுத்தன. நாம் மறுபடியும் கையொப்பமிட்டோம்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, பதினொரு பேர் லோரியின் பின்னால் அமர்ந்திருந்தனர். அவர்களில் எழுவர் பெண்கள். இறக்கத்தின் வலப்புற வளைவில், முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்த கணத்தில் ஸ்டீரிங் இறுகிற்று. வளைவு முடிந்தது, சக்கரம் நேராகவில்லை. பாதையின் வலப்புறம் மண்மேடு. இடப்புறம் ஆழமான வாய்க்கால். டிரைவர் இறக்கம் தொடங்கும்போதே வேகத்தைக் குறைத்திருந்தபடியால், வண்டியை மண்மேட்டிற் சாய்த்து நிறுத்தினார். ஒருவருக்கும் காயமில்லை. தெய்வம் காப்பாற்றியது என்றனர் சிலர். டிரைவரின் நிதானம் காப்பாற்றியது என்பதே நாம் கண்டது. சத்தம் போனாலும் வண்டி சரியாகவில்லை என்று அறிந்திருந்த ஒரே மனிதர் அவர்தாம். ஆதலால்தான் மெதுவாக ஓட்டினார்.

அதன்பின்னரே வண்டி முறைப்படி பிரிக்கப்பட்டது. முதலில் சமதரையில் நிறுத்தி, டயர்களின் காற்றை இருபுறமும் ஒன்றாக்கி, அச்சின் மேற்புறத்திலிருந்து சட்டத்தின் அடிவரை அளந்தார்கள். இடப்புறம் 7 அங்குலம். வலப்புறம் 5¼ அங்குலம். ஓர் அளவுகோல் ஐந்து நிமிடத்தில் சொன்ன இந்தச் செய்தியை நாம் ஓராண்டாகக் கேட்காமலிருந்தோம். பின்சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் சட்டத்துக்கு உறுதியான முட்டுகளும் கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கினார்கள். சட்டம் அச்சில் மோதாதிருக்க வைக்கப்படும் ரப்பர்க் கட்டை வலப்புறத்தில் இல்லவே இல்லை. ஸ்பிரிங்கின் முனைகளிலிருந்த புஷ்கள் முட்டை வடிவாய்த் தேய்ந்திருந்தன. வலப்புற ஸ்பிரிங்கைக் கழற்றிப் பட்டணத்திலுள்ள சீனர் ஒருவரின் ஸ்பிரிங் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டைகள் சட்டென்று விரிந்து கையை வெட்டாதிருக்க முதலில் பிடிப்பானில் இறுக்கிக்கொண்டு, அதன்பிறகே அவர் நடு ஆணியைக் கழற்றினார். பட்டைகள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்தன. இரண்டாவது பட்டை நடு ஆணிக்கு அருகில் இரண்டு துண்டாய் இருந்தது. மேலும் கீழும் மற்றப் பட்டைகள் அணைத்துக்கொண்டிருந்ததால், வெளியிலிருந்து பார்த்தவர் கண்ணுக்கு அது முழுப் பட்டையாகவே தோன்றியிருந்தது.

பட்டறைக்காரர் முறிந்த முகத்தைத் துடைத்து நமக்குக் காட்டினார். ஓர் ஓரத்தில் சிறு பகுதி மட்டும் மணல்போல் மின்னியது. மற்றதெல்லாம் கறுத்த துரு. “சுடா லாமா” என்றார் மலாயில். வெகு நாளாயிற்று என்பது பொருள். அவ்விரண்டு சொற்களும் நம் கையொப்பங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லின. துருவேற வேண்டுமானால் வெடிப்புக்குள் நீரும் காற்றும் நெடுநாள் புகுந்திருக்க வேண்டும். நாம் “ஓடத் தகுந்தது” என்று முதன்முறை எழுதிய அன்றே அந்தப் பட்டை வெடித்துக்கொண்டிருந்தது. சட்டம் தாழ்ந்தது அதனால். இடைவெளி குறைந்தது அதனால். தண்டு முட்டியது அதனால். சத்தம் வந்த இடத்தில் குற்றமே இல்லை. குற்றமற்ற உறுப்புகளைத்தான் நாம் முதலில் தேய்த்துக் குறைத்தோம்.

எஃகு ஒரே அடியில்தான் முறியும் என்று நினைப்பது தவறு. தாங்கக்கூடிய சுமையேயாயினும், அதைப் பல்லாயிரம் முறை ஏற்றி இறக்கினால் எஃகு உள்ளூர வெடித்துப் பின் ஒரு நாள் முறியும். 1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் தேதி, பிரான்ஸ் தேசத்தில் வெர்சேல்சிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் இயந்திர அச்சொன்று முறிந்தது. வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றேறித் தீப்பற்றின. பிரயாணிகளை உள்ளே வைத்துக் கதவுகளைப் பூட்டியிருந்தபடியால் வெளியே வர வழியின்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அச்சுகள் ஏன் முறிகின்றன என்பதை அறிஞர் பலர் ஆராய்ந்தனர். பிரஷ்ய நாட்டு ரயில்வேப் பொறியாளர் வோலர் என்பவர் 1850-களிலும் 1860-களிலும் அச்சுகளை மீண்டும் மீண்டும் சுமையேற்றிச் சோதித்து இவ்வுண்மையை நிலைநாட்டினார். ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயர், உழைத்த மனிதனின் களைப்பைக் குறிக்கும் அதே சொல்தான். முறியும் நாளில் வந்த சுமையைக் குற்றம் சொல்வது எளிது. களைப்போ அதற்கு முந்திய நாட்களெல்லாம் சேர்ந்தது.

இவை யாவும் நமக்குத் தெரியாதவையா? அதுதான் வெட்கம். ஆங்கிலப் பள்ளியில் ஹூக் என்பாரின் விதியைப் படித்தோம். ஸ்பிரிங்கின் விரிவு அதன் மேலுள்ள விசைக்கு ஏற்றபடி இருக்குமென்று அவர் 1678-இல் வெளியிட்டதையும், ஓர் எல்லையைக் கடந்தால் ஸ்பிரிங் பழைய நிலைக்குத் திரும்பாதென்பதையும் எழுதி மதிப்பெண் பெற்றோம். ஒரு வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், அப்பக்கத்து ஸ்பிரிங் அந்த எல்லையைக் கடந்துவிட்டது அல்லது முறிந்துவிட்டது என்று அனுமானிக்க அக்கல்வி போதும். படிப்பில்லாத டிரைவர் கண்ணாற் கண்டு சொன்னதை, படித்த நாம் காதாலும் ஏற்கவில்லை.

இனி நாம் எழுப்பிய கேள்விக்கு வருவோம். நம் சார்பில் சொல்லத்தக்க சமாதானங்கள் மூன்று உண்டு.

முதலாவது: கிராணி மெக்கானிக் அல்லன், பட்டறையார் சொன்னதை நம்பினான். இதிற் பாதி உண்மை. ஒவ்வொருவரும் எல்லாத் தொழிலும் அறிதல் இயலாது. பிறரை நம்பாமல் உலகம் ஒரு நாளும் நடவாது. ஆனால், நம்பத்தக்க சாட்சி இருவர் இருந்தனர். சத்தம் போய்விட்டது என்றார் ஒருவர். சாய்வு போகவில்லை என்றார் மற்றவர். இருவர் சொல்லும் உண்மையே. அவற்றுள் நமக்கு வேலை வைக்காத உண்மையை மட்டும் தேர்ந்தெடுத்துப் புத்தகத்தில் ஏற்றினோம். அறியாமை நம்மைத் தேடி வரவில்லை. நாமே அதைத் தேடிக்கொண்டோம்.

இரண்டாவது: பணமும் நேரமும் இல்லை. இதுவும் சில வேளை உண்மையே. பழைய வண்டிக்கு உறுப்புகள் கிடைப்பதரிது. குலைகள் மரத்தடியிற் காத்திருக்க மாட்டா. ஆனால் பணமில்லை என்றால், “பணமில்லை, வண்டி தகுந்ததன்று, ஆள் ஏற்றலாகாது” என்றல்லவா எழுத வேண்டும்? பணமின்மை வண்டியை நிறுத்தக் காரணமாகலாம். பொய் எழுதக் காரணமாக முடியாது.

மூன்றாவது: தீங்கொன்றும் நேரவில்லையே! இதைத்தான் பலரும் சொல்லி நம்மைத் தேற்றினர். நாம் இதை ஏற்கவில்லை. வாய்க்காலிற் கவிழ்ந்திருந்தாலும் மண்மேட்டிற் சாய்ந்து நின்றாலும் அந்தப் பட்டையின் துரு ஒன்றே. நம் கையொப்பமும் ஒன்றே. பயன் மாறியது பிறர் திறமையால். பிறர் திறமையால் தப்பிய பயனைக் கொண்டு நம் செயலை நல்லதென்று கணக்கெழுதுவது, பக்கத்து வீட்டாரின் வரவை நம் ஏட்டில் பதிவதற்கு ஒப்பாகும்.

ஆதலின் நாம் கண்ட முடிவு இது: அறிய வழியில்லாதவனின் அறியாமை மன்னிக்கத்தக்கது. எச்சரிக்கையின் வாயை அடைத்துவிட்டு எய்தும் அறியாமை, அறிந்தே செய்த குற்றத்தினின்றும் வேறுபட்டதன்று. சத்தம் என்பது இயந்திரம் நமக்கு எழுதும் மனு. மனுவைக் கிழித்தெறிபவன், மனுவில் என்ன எழுதியிருந்தது என்று தனக்குத் தெரியாதெனச் சொல்லித் தப்ப முடியாது.

மனிதர் கூட்டத்திலும் இதுவே நடக்கிறது. லயத்தில் ஒருவன் குரலெழுப்பினால், குரல் வந்த இடத்தையே குற்றத்தின் இடமென்று கொண்டு, அவனை வேறு பிரட்டுக்கு மாற்றிவிடுகிறோம். அது தண்டைத் தேய்க்கும் வேலை. ஆண்டுக்கொருமுறை விருந்து வைத்து அனைவரையும் மகிழ்விக்கிறோம். அது கனத்த பட்டை சேர்க்கும் வேலை. வண்டி நிமிர்ந்து தோன்றும், சாய்வு தீராது. அடுக்கின் நடுவில் அணைப்புண்டு கிடக்கும் முறிந்த பட்டை எது என்று பிரித்துப் பார்ப்பதற்கே மனம் வருவதில்லை, என்னை? பிரித்தால் நம் கையொப்பம் வெளிப்பட்டுவிடும்.

உண்மையான பழுதுபார்ப்பு எத்தகையது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒரு பக்கம் மட்டும் புதியதானால் வண்டி மறுபக்கம் சாயும். ஆதலால் இரு பக்கத்து ஸ்பிரிங்குகளும் சேர்த்தே புதுப்பிக்கப்பட்டன. மிகுதியாய்ச் சேர்த்த பட்டைகள் நீக்கப்பட்டன. பழைய யூ போல்ட்டுகள் மீண்டும் மாட்டப்படவில்லை. புஷ்களும் ரப்பர்க் கட்டைகளும் புதியன. தேய்த்துக் குறைத்த தண்டு கழிக்கப்பட்டு வேறு தண்டு பொருத்தப்பட்டது. சக்கரம் முழுதும் திரும்பும்போது டயர் ஸ்பிரிங்கிற் படாதபடி, தடுப்பு ஆணிகள் இருபுறமும் அளந்து வைக்கப்பட்டன. பின்னர் வண்டியைச் சும்மா நிறுத்திவைத்துப் பார்த்துத் திருப்தி அடையவில்லை. சுமையேற்றி, வலச் சக்கரத்தை ஒரு கனத்த கட்டைமேல் ஏற்றி, ஸ்டீரிங்கை இக்கோடியிலிருந்து அக்கோடிவரை திருப்பிப் பார்த்தார்கள். பின் இடச் சக்கரத்துக்கும் அவ்வாறே செய்தார்கள். இடைவெளி இருக்கிறதா என்பதைச் சுமையற்ற வேளையிற் சோதித்துப் பயனில்லை. மிகக் கடினமான நிலையிலும் மிஞ்சி நிற்பதே இடைவெளி. சில நாள் ஓட்டிய பிறகு போல்ட்டுகள் மறுபடியும் இறுக்கப்பட்டன.

நம் மேசையிலும் ஒரு சிறு பழுதுபார்ப்பு நடந்தது. வண்டிப் புத்தகத்தில் டிரைவர் சொல்வதை இப்போது ஆங்கிலத்தில் மூன்று சொல்லாகச் சுருக்குவதில்லை. அவர் சொன்னபடியே தமிழில் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, “சரிதானா?” என்று கேட்டு, அதன் கீழ்தான் கையொப்பமிடுகிறோம். முதல் நாள் அவர் நகைத்தார். இரண்டாம் வாரம், நாம் எழுதியதில் ஒரு சொல்லைத் திருத்தச் சொன்னார், திருத்தினோம்.

வாசக நண்பர்களே, உங்களிற் பலர் லோரி வைத்திருக்க மாட்டீர்கள். ஆனால் கையொப்பமிடாதவர் சிலரே. வருகைப் பதிவில், சம்பளக் கணக்கில், சங்கத்தின் வரவு செலவில், பள்ளிக்கூட அறிக்கையில் ஏதேனும் ஓரிடத்தில் நாம் ஒவ்வொருவரும் “தகுந்தது” என்று எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். அடுத்த முறை பேனாவை எடுக்கும் முன், சத்தம் நின்றதா என்று கேளாதீர்கள். சாய்வு நீங்கிற்றா என்று கேளுங்கள். அதைச் சொல்லக் கூடியவர் பெரும்பாலும் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பார்.